ஃபைனல் இயர்ல பாத்துக்கலாமா? ஐந்தாவது செமஸ்டருக்கு முன்பே முடிவாகும் வேலை: கல்லூரி மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

கலை, அறிவியல் கல்லூரிகளில் 'பிளேஸ்மென்ட்' என்ற வார்த்தை பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான் காதில் விழும். அதுவரைக்கும் இன்டர்னல்ஸ், அரியர், கல்ச்சுரல்ஸ், பார்ட் டைம் வேலை என்று நாட்கள் ஓடிவிடும். "ஃபைனல் இயர்ல பாத்துக்கலாம்" என்பதுதான் பல வீடுகளில் இருக்கும் ஒரே திட்டம்.

சிக்கல் என்னன்னா, வேலை கொடுக்கும் நிறுவனங்களின் கணக்கு வேறு. ஐந்தாவது செமஸ்டர் தொடங்கியதும் கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் லிங்க் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு மாணவர் கையில் இருப்பது நான்கு செமஸ்டர் மதிப்பெண்கள்தான். அதை வைத்துத்தான் அவர் பட்டியலுக்குள் வருவதும் வராததும். அப்படியானால் வேலைக்கான மார்க் லிஸ்ட் இரண்டாம் ஆண்டு முடியும்போதே ஏறக்குறைய மூடப்பட்டுவிடுகிறது. மூன்றாம் ஆண்டில் எவ்வளவு தீவிரமாகப் படித்தாலும் அந்த முதல் ஃபார்முக்கு அது உதவாது.

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரி 28.4 சதவீதம்தான். பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் தெருவுக்கு நாலு பட்டதாரி இருக்கும் ஊரில், 'டிகிரி முடிச்சிருக்கேன்' என்பது மட்டும் ஒருவரைத் தனியாக எடுத்துக்காட்டாது.

ஃபார்ம்லயே வெளியே போறது எப்படி?

அதிக எண்ணிக்கையில் ஆள் எடுக்கும் ஐ.டி., பி.பி.ஓ. நிறுவனங்களின் அறிவிப்புகளைப் பார்த்தால் சில வரிகள் திரும்பத் திரும்ப வரும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 50 அல்லது 60 சதவீதம். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது. படிப்புக்கு நடுவே இடைவெளி இருந்தால் இத்தனை ஆண்டுக்குள். குறிப்பிட்ட ஆண்டில் தேர்ச்சி பெற்றவராக இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளைச் சரிபார்ப்பது பெரும்பாலும் மனிதர் அல்ல. ஆன்லைன் ஃபார்மில் போடும் எண்தான் முடிவு செய்கிறது. 59.6-ஐ 60 என்று போட்டுவிட்டால் அந்த நேரத்துக்கு உள்ளே போய்விடலாம். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் அது 'தவறான தகவல்' ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதைக் காரணம் காட்டி வெளியே அனுப்ப முடியும். சி.ஜி.பி.ஏ.-வைச் சதவீதமாக மாற்றும் முறையையும் அவரவர் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்குப்படிதான் போடணும், பக்கத்து பெஞ்ச் நண்பர் சொன்ன கணக்குப்படி அல்ல.

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை இப்போது மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது அரியர் மட்டும்தான். அதனால் முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு மாணவர் செய்யக்கூடிய பெரிய வேலைவாய்ப்புத் தயாரிப்பு என்ன என்று கேட்டால், எந்த கோர்ஸும் இல்லை. அரியரை நாலாவது செமஸ்டர் முடிவதற்குள் எழுதி முடிப்பதுதான். சலிப்பான பதில்தான், ஆனால் இதைத் தாண்டி வேறு எதையும் தொடங்குவதில் அர்த்தமில்லை.

'லாஸ்ட் நேம்'னு கேக்குறாங்களே, என்ன போடுறது?

தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்றே இருக்கும் தனிப் பிரச்சினை இது. நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், சிலருக்கு அம்மா பெயரின் எழுத்தும் சேர்ந்திருக்கும். ஆனால் ஆன்லைன் ஃபார்ம்கள் 'லாஸ்ட் நேம்' இல்லாமல் நகராது. ஒருவர் அப்பா பெயரைப் போடுவார். இன்னொருவர் இனிஷியலை மட்டும் போடுவார். மூன்றாமவர் தன் பெயரையே இரண்டு தடவை போட்டுவிட்டுப் போய்விடுவார்.

உதாரணத்துக்கு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கார்த்திகா எம்'. ஆதாரில் 'எம் கார்த்திகா'. பான் கார்டில் இனிஷியலை ஏற்காமல் விரித்து எழுதச் சொல்வதால் 'கார்த்திகா முருகன்'. பேங்க் பாஸ்புக்கில் இன்னொரு ஸ்பெல்லிங். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பில்லை. வேலை கிடைத்து, பி.எஃப். கணக்கு தொடங்கும்போதும், பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும்போதும்தான் நாலும் ஒரே மேஜைக்கு வரும். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் ஆதாரோடு இணைக்கப்படுவதால் பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே நிற்கும். சம்பளக் கணக்கும் இழுத்தடிக்கலாம்.

எதை அடிப்படையாக வைத்துக்கொள்வது? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். மற்ற ஆவணங்களை அதற்குப் பொருந்தும்படி திருத்திக்கொள்வது சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற அனுமதி உண்டு. அதனால் இ-சேவை மையத்தில் அவசர அவசரமாக ஒரு வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது. பள்ளிச் சான்றிதழிலேயே எழுத்துப்பிழை இருந்தால் படித்த பள்ளி வழியாகத் தேர்வுத்துறைக்குப் போக வேண்டியிருக்கும். பெயரையே மாற்றுவதாக இருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். இதெல்லாம் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறை இதற்குச் சரியான நேரம். ஆஃபர் வந்த பிறகு பத்து நாளில் இதை முடிக்கப் பார்த்தால் அலைச்சல்தான் மிச்சம்.

ரெஸ்யூமை யார் படிக்கிறாங்க?

'சாஃப்ட்வேரே ரெஜெக்ட் பண்ணிடும்' என்று ஒரு பயம் பரவிக் கிடக்கிறது. அதில் பாதிதான் உண்மை. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்கள் ஒரு மென்பொருளில் போய்ச் சேரும். அது ரெஸ்யூமில் உள்ள பெயர், படிப்பு, திறன்களைப் பிரித்து அட்டவணையாக்கும். ஹெச்.ஆர். அதில் 'டேலி', 'எக்ஸெல்', 'எஸ்.க்யூ.எல்.' என்று தேடுவார். அந்த வார்த்தை இல்லாத ரெஸ்யூம் கண்ணில் படாமல் போகும்.

இதனால்தான் போட்டோ, கலர் பட்டை, இரண்டு பத்தி, நட்சத்திர ரேட்டிங் எல்லாம் போட்ட அழகான டெம்ப்ளேட்கள் பல நேரம் காலை வாரிவிடும். பிரிக்கும் மென்பொருள் இடது பத்தியையும் வலது பத்தியையும் கலந்து படித்துவிடலாம். ஒரே பத்தி, சாதாரண எழுத்து, ஒரு பக்கம், பி.டி.எஃப். போதும். ஃபைல் பெயர் 'நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3' என்று இல்லாமல் சொந்தப் பெயரில் இருக்கட்டும். நௌக்ரி, லிங்க்ட்இன் மாதிரி தளங்களில் ஒருமுறை பதிவு செய்துவிட்டு மறந்துவிடாமல் அவ்வப்போது புதுப்பித்தால் தேடலில் மேலே வர வாய்ப்பு அதிகம். தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம்.

மார்க் இருக்கு, ஆனா பேச்சுத் தேர்வுல போயிடுதே?

ஃபார்மைத் தாண்டினால் அடுத்தது ஆன்லைன் தேர்வு. கணக்கு, லாஜிக் பகுதிக்கு யூடியூபில் தேவைக்கு மேலேயே பாடம் இருக்கிறது. தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் அதிகம் தடுமாறுவது பேச்சுத் தேர்வில்.

இது எதிரே ஆள் இருந்து பேசும் இன்டர்வியூ இல்லை. ஹெட்போனில் ஒரு ஆங்கில வாக்கியம் ஒலிக்கும். அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். திரையில் வரும் பத்தியை வாசிக்கணும். ஒரு சின்னக் கதையைக் கேட்டுவிட்டு அரை நிமிடத்தில் சொந்த வார்த்தையில் சொல்லணும். மார்க் போடுவதும் கணினிதான். இலக்கணத்தில் நூறு மார்க் வாங்குபவரும் இங்கே தோற்பதுண்டு. காரணம், ஆங்கிலத்தைக் கண்ணால் படித்த அளவுக்குக் காதால் கேட்டுப் பழகியிருக்க மாட்டார். வாக்கியம் நீளமானால் பின்பாதி நினைவில் நிற்காது.

இதற்குப் பயிற்சிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆங்கிலச் செய்தியில் ஒரு வாக்கியத்தை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பிச் சொல்லி, போனில் பதிவு செய்து கேட்டால் போதும். முதல் வாரம் தன் குரலைக் கேட்கவே கூச்சமாக இருக்கும். நாலைந்து மாதம் தினமும் பதினைந்து நிமிடம் செய்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். உச்சரிப்பில் 'ஆக்சென்ட்' வரவழைக்க முயற்சிப்பது வீண் வேலை. தெளிவாக, விழுங்காமல் பேசினால் சரி.

இன்னொரு சின்ன விஷயம். இந்தத் தேர்வுகளில் பலவும் வெப்கேம் கண்காணிப்போடு லேப்டாப்பில்தான் நடக்கும், போனில் திறக்காது. கல்லூரி லேபில் ஒரு கணினியைத் தேர்வு நாளுக்கு முன்பே மைக்கோடு சோதித்து வைத்துக்கொள்வது நல்லது.

எந்த கோர்ஸ் சேரலாம்? '100% பிளேஸ்மென்ட்' உண்மையா?

காசு கட்டுவதற்கு முன்னால் காசில்லாமல் கிடைப்பதைப் பார்க்கலாம். 2022 மார்ச் 1-ல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிப் பாடத்தோடு சேர்த்தே திறன் பயிற்சிகள் தரப்படுகின்றன. பல மாணவர்கள் இதை இன்னொரு 'பேப்பர்' என்று நினைத்து வருகைப்பதிவுக்காக உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள், அது இழப்புதான். ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் படிப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும் என்பதால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம். வீடியோவை ஓடவிட்டால் கிடைக்கும் சான்றிதழ்கள் பத்து வைத்திருப்பதைவிட இது ஒன்று மேல்.

இப்போது கட்டணப் பயிற்சி. '100% பிளேஸ்மென்ட்' என்று போர்டு வைத்திருக்கும் மையங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களுக்கு எதிராக விதிமுறைகளை வெளியிட்டது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய் வாக்குறுதி கொடுப்பது அதன்படி தடை செய்யப்பட்டது. ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 'ஈஸி இ.எம்.ஐ.' என்ற வார்த்தை. பல இடங்களில் அது தவணை கிடையாது, ஒரு நிதி நிறுவனத்திடம் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ எடுக்கப்படும் கடன். கோர்ஸ் பிடிக்கவில்லை என்று நின்றுவிட்டாலும், மையமே மூடப்பட்டாலும், கடன் கடன்தான். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் இறங்கும். நாளைக்கு அதே வீட்டில் தம்பி, தங்கைக்குக் கல்விக் கடன் கேட்கும்போது இது குறுக்கே நிற்கலாம். டேப்லெட்டில் கையெழுத்து போடச் சொன்னால், ஓ.டி.பி. கேட்டால், எந்த நிறுவனத்தின் பெயரில் என்ன ஒப்பந்தம் என்று படிக்காமல் கொடுக்கக் கூடாது.

'எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தரோம்'னு சொன்னா?

சில கன்சல்டன்சிகள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வருட அனுபவம் இருப்பதுபோல் சான்றிதழும் சம்பள ஸ்லிப்பும் தயாரித்துக் கொடுக்கின்றன. 'எல்லாரும் பண்றாங்க தம்பி' என்பார்கள். ஒரு காலத்தில் தப்பித்திருக்கலாம். இன்றைக்கு ஒருவர் எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை பார்த்தார் என்பது யு.ஏ.என். வழியாகப் பி.எஃப். பதிவில் தெரிந்துவிடும். சான்றிதழில் இருக்கும் நிறுவனம் பி.எஃப். பதிவில் இல்லையென்றால் கேள்வி வரும். போலி ஆவணம் கொடுத்தது குற்றமும்கூட. கன்சல்டன்சி ஆள் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருப்பார், மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்ட மாணவர்தான்.

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு. கொண்டாடலாமா?

கொண்டாடலாம், ஆனால் வந்தது என்ன என்று பார்த்துவிட்டு. 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்றால் எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். சேரும் தேதியும் சம்பளமும் குறிப்பிட்டுத் தரும் நியமனக் கடிதம் வேறு. 2022-ல் படிப்பை முடித்தவர்களில் பலருக்குப் பெரிய ஐ.டி. நிறுவனங்களே ஆஃபர் கொடுத்துவிட்டு, சேரும் தேதியைப் பல மாதங்கள், சிலருக்கு இரண்டு ஆண்டுகள் வரை தள்ளிப்போட்டன. அந்த நாட்களில் வேறு எதற்கும் விண்ணப்பிக்காமல் காத்திருந்தவர்களுக்குத்தான் அதிக நஷ்டம்.

அடுத்து சம்பளம். சி.டி.சி. 3,36,000 என்றால் வீட்டில் 'மாசம் 28 ஆயிரம்' என்று சொல்லிவிடுவோம். கையில் வருவது அது இல்லை. மாதம் 28,000-ல் பத்து சதவீதம் செயல்திறன் ஊதியம் என்று வைத்தால் 2,800 உடனே வராது. அடிப்படைச் சம்பளம் 14,000 என்றால் நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,680-ம், கிராஜுவிட்டிக்கென்று 673-ம் அதே சி.டி.சி.க்குள்தான் இருக்கும். பிறகு ஊழியர் பங்கு பி.எஃப். இன்னொரு 1,680, தொழில் வரி சுமார் 208. கையில் வருவது ஏறத்தாழ 21,000. நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தக் கணக்கு மாறும். ஆனால் சென்னையில் ரூம் வாடகை, சாப்பாடு, பஸ் பாஸ் என்று திட்டம் போடும்போது இந்த 21,000-ஐ வைத்துத்தான் போடணும்.

சர்வீஸ் அக்ரிமென்ட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உதாரணமாக, பி.சி.ஏ., பி.எஸ்சி. மாணவர்களை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்கவைக்கும் விப்ரோவின் திட்டத்தில் 60 மாத ஒப்பந்தம் உண்டு. கட்டணமில்லாமல் மேற்படிப்பு கிடைப்பது சிலருக்குப் பெரிய வரம். ஐந்து ஆண்டு ஒரே இடம் என்பது சிலருக்குச் சரிவராது. இரண்டையும் தெரிந்து கையெழுத்துப் போடுவது வேறு, கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துப் போடுவது வேறு. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

போலி வேலைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரும்பாலும் பணம் கேட்பதிலிருந்தே. 'லேப்டாப் டெபாசிட்', 'டிரெய்னிங் ஃபீஸ்', 'செக்யூரிட்டி அமவுண்ட்' எந்தப் பெயரில் கேட்டாலும் உண்மையான நிறுவனம் கேட்காது. ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் ஆஃபர், டெலிகிராமில் நடக்கும் இன்டர்வியூ, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்கி பிறகு 'பிரீபெய்ட் டாஸ்க்' என்று பணம் கட்டச் சொல்வது எல்லாம் இதே வகை.

பணம் கேட்காமலும் ஒரு வலை உண்டு. 'உங்க பேங்க் அக்கவுண்டை ஒரு மாசம் குடுங்க, கமிஷன் தரோம்' என்று மாணவர்களைக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் வந்து போவது வேறு யாரோ ஏமாந்த பணமாக இருக்கும். கணக்கு முடக்கப்படும், விசாரணை கணக்குதாரர் வீட்டுக்குத்தான் வரும். சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் போலீஸ் சரிபார்ப்பில் சிக்கலை வரவழைத்துக்கொள்ளும் காரியம் இது. ஏமாந்தது தெரிந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டு வேலை இன்னும் ஆபத்தானது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று நம்பிப் போனவர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2022-ல் தமிழர்கள் உட்படப் பலர் மீட்கப்பட்டார்கள், 2025 மார்ச்சிலும் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் அழைத்து வரப்பட்டார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குக் கூப்பிட்டாலே நிறுத்திவிட வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அதுவே பதில்.

அரசு வேலைக்கும் சேர்த்துப் படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் அதை மட்டுமே நம்பி இருப்பதற்கு முன் ஒரு கணக்கு. 2024 குரூப் 4 தேர்வு 6,244 இடங்களுக்கு அறிவிக்கப்பட்டது, விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். கல்லூரியில் இருக்கும்போதே செய்து வைக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வு. டைப்பிஸ்ட் பணியிடங்களுக்கு இது இல்லாமல் போட்டியிட முடியாது. இரண்டு, தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழ்களைப் பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் வாங்கி வைப்பது. 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கு முதல் வகுப்பிலிருந்தே கணக்கு பார்ப்பார்கள். படித்த தொடக்கப்பள்ளியே மூடப்பட்டிருந்தால் அலைய வேண்டியிருக்கும், அதனால் முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

வேலையும் கிடைக்கல, அனுபவமும் இல்லைன்னா?

தொழிற்பழகுநர் பயிற்சி என்ற வழியை இன்ஜினியரிங் மாணவர்களுக்கு மட்டுமானது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். பட்டதாரிகளுக்கும் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள்கூட இவர்களை எடுத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியம். பட்டதாரிகளுக்கு 2019-ல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய்.

மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-ல் தொடங்கியது. மாதம் 5,000 ரூபாயும் ஒருமுறை 6,000 ரூபாயும் தருவதாக அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில், தொடங்கியபோது இருந்த விதிப்படி முழுநேரக் கல்லூரி மாணவர்கள் சேர முடியாது. 21 முதல் 24 வயதுக்குள், படிப்பை முடித்து வேலை இல்லாமல் இருப்பவர்களுக்கானதாக அப்போது அறிவிக்கப்பட்டது. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் என்று வைக்கப்பட்டது.

இரண்டுக்கும் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். தொழிற்பழகுநர் பயிற்சியை ஏற்கெனவே முடித்தவர்களைப் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் எடுப்பதில்லை. ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலை அனுபவம் இருந்தால் தொழிற்பழகுநர் பயிற்சிக்கும் தகுதி போய்விடும்.